பாத்திரத்தில் மீந்தது

திருவிருந்தில் மீந்ததைக் கொட்டக் கூடாது. எங்கள் சபையில் அப்படித்தான் வழக்கம். ஜெபம் செய்து ஆசீர்வதித்த அப்பமும் திராட்சை ரசமும் தரையில் சிந்தக் கூடாது. நாளைக்கு என்று எடுத்து வைக்கவும் கூடாது. ஆராதனை முடிவதற்குள் பீடத்தருகிலேயே நின்று யாராவது உண்டு, குடித்து முடிக்க வேண்டும். எங்கள் மலைச் சபையில் பாஸ்டர் ஐயாவும் உபதேசியாரும் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்த உபதேசியார் நான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் அறுப்பின் பண்டிகையன்று எனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பது புரியாது.

உபதேசியார் என்றால் பெரிய படிப்புப் படித்தவர் என்று நினைக்க வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊர், கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால். பாஸ்டர் ஐயா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு மேலே வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் வேதத்தை வாசிப்பது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, சாவு விழுந்தால் குழி வெட்டுவது வரை கூட நிற்பது என் வேலை. வார நாட்களில் மரவள்ளிக் கொல்லையைப் பார்ப்பேன், கூலிக்கும் போவேன். நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாசிக்கும்போது புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதால்தான் இந்த வேலை எனக்குச் சரிப்பட்டது.

நான் குடித்தவன். ஞானஸ்நானம் எடுத்தபோது விட்டேன். வெகுகாலம் தொடவில்லை. சபையில் என்னைக் காட்டித்தான் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். "நம்ம உபதேசியாரப் பாரு, ஒரே ஜெபத்துல உட்டாரு" என்று.

பிறகு மறுபடியும் தொட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மார்கழியில் ஒரு சாவு. குழியில் பாறை வந்துவிட்டது. கடப்பாரையைப் பிடித்த கை குளிரில் விரியவில்லை. கூட வெட்டியவர் ஒரு தம்ளரை நீட்டினார். அதற்கப்புறம் சாவு இல்லாத நாளிலும் குளிர் இருந்தது.

என் மனைவி எஸ்தர் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை. "எங்கக்கா வூட்டுக்குப் போயிட்டு வரலாம், வாங்க" என்று திருக்கோவிலூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். "வெவசாயக் கூலி" என்றேன். உபதேசியார் என்று சொல்ல வாய் வரவில்லை. எஸ்தரும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். இந்த மாத்திரை குடி ஆசையை அறுத்துவிடாது. ஆனால் இது உடம்பில் இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் உடம்பு தாங்காது. அந்தப் பயம்தான் வேலி. "சாராயம், பிராந்தின்னு இல்ல. இருமல் மருந்து, அரிஷ்டம், எதுல வேணா இருக்கும். எதையும் வாயில வெக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க. சந்தேகமா இருந்தா வேணாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடறேன்னு மொதல்ல சொல்லிடணும்."

திருவிருந்துப் பாத்திரத்தைப் பற்றி அவர் எப்படிச் சொல்வார்? கோயில் என்ற ஒன்றையே நான் அவரிடம் சொல்லவில்லையே.

தினமும் காலையில் எஸ்தர் அடுப்படியில் நின்று மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பாள். வாயைத் திறந்து காட்டச் சொல்லமாட்டாள். திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். அந்த மரியாதைக்காகவே விழுங்கினேன்.

மாதத் திருவிருந்துக்கு எஸ்தர்தான் ரசம் செய்வாள். சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புத் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து வடிகட்டுவாள். புளிப்பதற்கு நேரமே இருக்காது. அதனால் மாத்திரை தொடங்கிய பிறகு வந்த முதல் திருவிருந்து ஒன்றும் ஆகாமல் போயிற்று. நாங்கள் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை.

அறுப்பின் பண்டிகையன்று காலையிலிருந்தே மூடுபனி. பீடத்துக்கு முன்னால் மரவள்ளிக் கிழங்கு, சாமை மூட்டை, பூசணி, கால் கட்டிய கோழிகள் எல்லாம் கிடந்தன. ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். எஸ்தர் பின்னால் சமையலில் இருந்தாள். பாஸ்டர் ஐயா பையிலிருந்து துணி சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார்.

"எங்க வூட்டம்மா ஜாடியில போட்டு வெச்சது உபதேசியாரே. பண்டிகையாச்சேன்னு எடுத்தாந்தேன். எஸ்தரம்மா செஞ்சத புள்ளைங்களுக்கு ஊத்திடுங்க."

பாத்திரம் நிறைய ஊற்றினார். பனியால் தூரத்து ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. எல்லாருக்கும் கொடுத்த பிறகும் பாதிக்கு மேல் மீந்தது. ஐயா அதை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு சுகரு ஜாஸ்தியா கீது. இன்னைக்கு நீங்களே முடிச்சிடுங்க."

கையில் எடுத்தேன். முகத்தருகே கொண்டுபோனதும் வாசனை ஏறியது. என்ன வாசனை என்று எனக்குத் தெரியாதா?

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. கீழே வைத்தால் அவமரியாதை. கொட்டினால் பாவம். அதோடு இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் நாக்கு ஊறியது. வெட்கத்தால் குடித்தேனா, ஆசையால் குடித்தேனா என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அத்தனை நாளும் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. குடித்துவிட்டேன்.

கடைசிப் பாட்டு முடியவில்லை. முகம் அடுப்பைப் பார்த்தது போலக் காய்ந்தது. காதுக்குள் தப்பு அடிப்பது போல இருதயம் அடித்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வலித்தது. மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. பீடத்தின் விளிம்பைப் பிடித்தேன், கை வழுக்கியது. பூசணிக்காய்கள் மேல் விழுந்தேன். கோழிகள் கத்தியதும் யாரோ "ஐயோ, உபதேசியாரு" என்றதும் நினைவிருக்கிறது.

ஆம்புலன்ஸ் மேலே ஏறி வர நேரம் ஆகும் என்று சபை மூப்பர் தாவீது தன்னுடைய சரக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்தார்கள். எஸ்தர் தலைமாட்டில். பாஸ்டர் ஐயா கால்மாட்டில். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தேன். எஸ்தர் முந்தானையால் வாயைத் துடைத்தவள், துணியை மோந்து பார்த்தாள். என் காதருகே குனிந்தாள்.

"இன்னாங்க குடிச்சீங்க?"

"பாத்திரம்" என்றேன்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐயாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஐயா கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். மலை இறங்கி முடிகிற வரை எஸ்தர் என் கையை விரல் நோகப் பிடித்திருந்தாள்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் என்னை இறக்கியதும் ஒரு இளம் பெண் டாக்டர் ஓடி வந்தார். வாயருகே குனிந்தவர் முகம் மாறியது.

"எங்க குடிச்சீங்க? பாக்கெட் சாராயமா? கண்ணு தெரியுதா? இது எத்தனை விரல்? கூட யார் யார் குடிச்சாங்க?"

பாக்கெட் சாராயம் குடித்து அத்தனை பேர் கண் போய், உயிர் போன எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி ஏன் கேட்கிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். கேட்ட உடனே வரிசையில் நின்ற மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு விரல் தெரிந்தது. எண்ணத்தான் தெரியவில்லை.

பாஸ்டர் ஐயா முன்னால் வந்தார். "டாக்டரம்மா, அவரு எங்க சபை உபதேசியாரு. குடியே ஆவாது. திருவிருந்துல திராட்சை ரசம் ஒரு வாய் குடிச்சாரு, அவ்ளோதான். நாங்க எல்லாருமேதான் குடிச்சோம்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"இல்லீங்க. நல்ல ஆரோக்கியம்" என்றார் தாவீது.

டாக்டர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். நர்ஸிடம் சொன்ன எண் எனக்குப் புரியவில்லை. சொன்ன குரல் புரிந்தது. மூக்கிலும் வாயிலும் காற்றுக் குழாய் வைத்த மூடியை மாட்டினார்கள். நெஞ்சில் குமிழ் குமிழாக ஒட்டி, இருதயம் அடிப்பதைக் கோடாக எழுதும் ஈசிஜி எடுத்தார்கள். "மாரடைப்பா இருக்குமோ" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

எஸ்தரைப் பார்த்தேன். அவள் தாவீதைப் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் பெயரைக் காப்பாற்ற வேண்டுமா, என்னைக் காப்பாற்ற வேண்டுமா என்று அவள் கேட்பது போல இருந்தது. அதை அவள் தலையில் போடக் கூடாது என்று தோன்றியது. மூடியை இழுத்து விலக்கினேன்.

"மாத்திரை" என்றேன்.

"எந்த மாத்திரை?"

எனக்கு மூச்சு அவ்வளவுதான் வந்தது. எஸ்தர் உடைந்துவிட்டாள். "குடிய மறக்கறதுக்கு டாக்டரு குடுத்தாரும்மா. ரெண்டு மாசமா நாந்தான் தினமும் குடுத்துக்கினு கீறேன். இன்னைக்குக் காலையிலகூடக் குடுத்தேன். நானே என் கையால குடுத்தேம்மா."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?" டாக்டர் கோபப்படவில்லை. ஆனால் அதன் பிறகு அங்கே எல்லாமே வேகமாக நடந்தது. கால் பக்கத்தை உயர்த்தினார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். தாவீது சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை வாசிக்கத் தொடங்கினார். அவருக்குச் சின்னப் பிள்ளை யாரும் இல்லை. பாஸ்டர் ஐயா பெஞ்சில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

இரண்டாம் நாள் அழுத்தம் மேலே வந்து, வார்டுக்கு மாற்றிய பிறகு அந்த டாக்டரே விளக்கினார். சாராயத்தை ஈரல் இரண்டு தடவையாக உடைக்கும். முதல் தடவை உடையும்போது ஒரு விஷம் உண்டாகும். இரண்டாம் தடவை அந்த விஷம் கரைந்துபோகும். மாத்திரை அந்த இரண்டாம் வேலையை நடக்கவிடாது. விஷம் அப்படியே ரத்தத்தில் தேங்கும்.

எனக்கு மரவள்ளி ஞாபகம் வந்தது. சில கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் மயக்கம் வரும். இலையைத் தின்ற ஆடு சுருண்டு விழும். வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் உணவு. அந்தத் தண்ணீரை வடிக்கவிடாமல் மூடி போட்டது போல. அப்படிச் சொன்னேன். டாக்டர் சிரித்து, "கிட்டத்தட்ட அதேதான்" என்றார். பிறகு சிரிக்காமல் இன்னொன்று சொன்னார். ரத்தத்தில் ஈரல் சம்பந்தப்பட்ட அளவுகள் ஏறியிருக்கின்றன. ஈரல் காயப்பட்டால் அதற்குள் இருப்பது ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் அந்த அளவு காட்டுகிறது. பழைய குடியால் இருக்கலாம். மாத்திரையாலும் சில பேருக்கு அப்படி ஆகும். ஸ்கேன் பார்க்க வேண்டும். அதுவரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

வேலியையும் எடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் பயம் வந்தது. ஈரல் போயிருக்குமோ என்பது ஒரு பயம். மாத்திரை இல்லாமல் மலைக்குப் போனால் என்ன ஆவேன் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பக்கத்துக் கட்டிலில் நைனார்பாளையத்துக்காரர் ஒருவர், கோவிந்தன் என்று பெயர். கரும்பு போடுகிறவர். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். நான் வந்த கதையை அவர் மனைவி எப்படியோ எஸ்தரிடமிருந்து கறந்துவிட்டாள்.

"இன்னா ஃபாதரே, ஊருல சாராயம் குடிச்சவன்லாம் கல்லாட்டம் நடக்கறான். சாமி தண்ணி குடிச்சிட்டு நீ வந்து படுத்துக்கினியே" என்றார்.

"ஃபாதர் இல்லீங்க, உபதேசியாரு" என்றேன்.

"இன்னாவோ ஒண்ணு. எனக்கு அந்த மாத்திரைய வுட இந்தக் காலு பரவால்ல. காலு போனாலும் சாயங்காலம் ஒரு கட்டிங் போடலாம்."

"த்தூ, வாயக் கழுவு" என்றாள் அவர் மனைவி. "அந்த மனுசன் உயிரு போயிட்டு வந்திருக்காரு. உனுக்கு நக்கலு." பிறகு அவருக்கு வைத்திருந்த இட்லியில் இரண்டை எடுத்து எஸ்தரிடம் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு எஸ்தரின் அக்காள் திருக்கோவிலூரிலிருந்து பஸ் ஏறித் தூக்குவாளியோடு வருவாள். குழைந்த சாதம், மிளகு போடாத ரசம். அவள் வர பஸ் தாமதமான நாளெல்லாம் கோவிந்தன் வீட்டுச் சாப்பாடுதான்.

மூன்றாம் நாள் தாவீது வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மலையில இன்னா பேசிக்கிறாங்கன்னு தெரியுமா உபதேசியாரே? தகுதியில்லாம பாத்திரத்துல வாய் வெச்சாரு, கர்த்தர் அங்கியே அடிச்சிட்டாருன்னு."

திருவிருந்துக்கு முன்னால் அந்த எச்சரிக்கைப் பகுதியை மாதாமாதம் வாசிப்பவன் நான்தான். தகுதியில்லாமல் குடிக்கிறவன் தனக்கே தண்டனையைக் குடிக்கிறான் என்ற பொருளில் வரும். அன்றைக்கும் நான்தான் வாசித்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"இன்னாம்மா சொல்லச் சொல்றே? மாத்திரைன்னு சொல்லட்டா? கர்த்தர் அடிச்சா மன்னிச்சுட்டும் வுடுவாரு, ஜனங்க ஏத்துக்கும். உபதேசியாரு மாத்திரை தின்னுதான் குடிய வுட்டாருன்னு தெரிஞ்சா, ஜெபத்துல இன்னா இருக்குதுன்னு கேட்டுட மாட்டாங்களா? நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. ஐயாவும் தொறக்கல. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். அதை நான் சந்தேகப்படவில்லை. அவர் போன பிறகு ஆப்பிளை எஸ்தர் நறுக்கிக் கொடுத்தாள். கடவுள் அடித்தவன் என்ற பெயரோடு திரும்பிப் போனால், அதே பாத்திரம் மறுபடியும் என் கைக்கு வரும். அதே காரணத்தால் மறுபடியும் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால், ஈரல் தேறினாலும் என்னைக் கொல்லப்போவது அந்த வாய் திறக்காமைதான் என்று தோன்றியது.

ஸ்கேனுக்குக் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். அறைக்கு வெளியே சுவரோரம் வரிசை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். என் முன்னால் இருந்தவர் உள்ளே போய் வந்ததும் அவருடைய மகள் முகத்தைப் பார்த்தேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அதில் எழுதியிருக்கவில்லை. என் முறை வந்தது. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை அழுத்தி அழுத்தி நகர்த்தினார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். வலது பக்க விலாவுக்குக் கீழே கருவி நின்ற இடத்திலேயே நின்றது. ஜெபம் செய்யப் பார்த்தேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பதில் சாயங்காலம் வந்தது. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, கொஞ்சம் வீங்கியிருக்கிறது. சுருங்கவில்லை. ஈரல் சுருங்கிக் கல் போலானால் திரும்பாது. வீக்கம் என்றால், குடிக்காமல் இருந்தால் இறங்கும். "இதுதான் உங்களுக்குக் கெடைச்ச சந்தர்ப்பம்" என்றார் டாக்டர். ரத்த அளவு இறங்கியதும் திருக்கோவிலூர் டாக்டரிடம் போய் மாத்திரையைப் பற்றி மறுபடி பேசச் சொன்னார். பிறகு கேட்டார்: "உபதேசியார்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"சொல்லியிருந்தா அவரே கேட்டிருப்பாரு, கம்யூனியனுக்கு என்ன குடிப்பீங்கன்னு."

எஸ்தர் திரும்பி நின்று அழுதாள். கோவிந்தன் அன்றைக்கு நக்கல் எதுவும் செய்யவில்லை. "சுருங்கலியாமே, வுடு. தப்பிச்சே" என்றார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், மதியம், எஸ்தர் துணி அலசப் போயிருந்த நேரத்தில் பாஸ்டர் ஐயா வந்தார். தனியாக வந்திருந்தார். ஸ்டூலை இழுத்து ரொம்பக் கிட்டத்தில் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக வந்ததும் ஜெபம் செய்வார். செய்யவில்லை. என் காலடிப் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

என்னை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதைச் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கிறது என்று நானே ஆரம்பித்தேன்.

"ஐயா, வேற ஆளு பாத்துக்கோங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"அதில்ல உபதேசியாரே." கோவிந்தன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "அந்த மாத்திரை. அத எங்க வாங்குனீங்க?"

"திருக்கோவிலூர்ல ஐயா. டாக்டர் பாத்து, டெஸ்ட்லாம் எடுத்துட்டுதான் குடுப்பாரு. கடையில சும்மா வாங்கிச் சாப்புடக் கூடாதாம்."

"எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தருக்குக் கேட்டேன்."

"சரிங்க ஐயா."

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பாட்டில நான் ஏன் மேல எடுத்தாந்தேன் தெரியுமா? பண்டிகைக்குன்னு சொன்னேன். வூட்டுல இருந்தா அத வெச்சிருக்க மாட்டாரு... அவரு. அதான். வூட்ட வுட்டுப் போனா போதும்னு எடுத்தாந்தேன். மீந்தது உங்க கைக்குப் போவும்னு தெரியும். சுகருன்னு சொன்னேன். எனக்கு சுகரே கெடையாது."

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் என்னை விடப் படித்தவர். என் திருமணத்தை நடத்தி வைத்தவர். அவர் தோளைத் தொடலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தொடவில்லை. வழி மட்டும் சொன்னேன். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எந்தச் சந்து.

கடைசியில் இதையும் சொன்னேன். "ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சவருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. டாக்டரு இன்னா வேலைன்னு கேப்பாரு. மறைக்க வேணாம்னு சொல்லுங்க. பாத்திரம் எடுக்கற வேலைன்னு சொல்லச் சொல்லுங்க."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, என் நெற்றியில் கையை வைத்துவிட்டு, ஜெபம் எதுவும் சொல்லாமல் போனார்.

வீடு வந்தும் எனக்குப் பயம் தீரவில்லை. வழியில் யார் வீட்டிலாவது புளித்த வாசனை வந்தால் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போவேன். மூன்று வாரம் கழித்து அளவு இறங்கியது. திருக்கோவிலூர் டாக்டரிடம் போய், முதலில் என் வேலையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசினார். மாத்திரையை மறுபடி தொடங்கினார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. எஸ்தர் சனிக்கிழமை சாயங்காலம் திராட்சை வேகவைத்தாள். சபை நிறைந்திருந்தது. கர்த்தர் அடித்த ஆள் எப்படி இருக்கிறான் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். எச்சரிக்கைப் பகுதியை வாசித்து முடித்தேன். புத்தகத்தை மூடினேன். முகத்தை மறைக்க ஒன்றும் இல்லை.

"கர்த்தர் என்ன அடிக்கல" என்றேன். "நான் திரும்பவும் குடிச்சேன். அத வுடறதுக்கு மாத்திரை சாப்புடறேன். அது மேல ஒயினு பட்டா உடம்பு தாங்காது. அதான் வுழுந்தேன்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தாவீது தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பின் வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்பதாக நினைத்து உரக்கக் கேட்டார்: "அப்ப அன்னைக்கு நாம குடிச்சது ஒயினா? அதான் அவ்ளோ நல்லா இருந்துச்சி." சிலர் சிரித்தார்கள். சிலர் எழுந்து வெளியே போனார்கள். இரண்டு குடும்பம் இன்னும் திரும்பி வரவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்று, "எங்க வூட்டுக்காரருக்கு அந்த மாத்திரை குடுப்பாங்களா உபதேசியாரே?" என்று கேட்டாள். அவள் கணவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

திருவிருந்து நடந்தது. எல்லாருக்கும் கொடுத்த பிறகு பாத்திரத்தில் கொஞ்சம் மீந்தது. வழக்கம் போல ஐயா அதை என் பக்கம் நகர்த்துவார் என்று காத்திருந்தேன். அவர் நகர்த்தவில்லை. தானே எடுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் மூக்கருகே நிறுத்தி, மோந்து பார்த்தார்.

மாத்திரை சாப்பிடுகிறவன்தான் அப்படிச் செய்வான்.

பாதியைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினார். "பாருங்க உபதேசியாரே" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். நானும் மோந்து பார்த்தேன். வேகவைத்த திராட்சை, கொஞ்சம் அடுப்புப் புகை. குடித்தேன்.

இதையெல்லாம் எழுதச் சொன்னவர் அவர்தான். ஊழியக்காரர்களில் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள், பேர்களை மாற்றி எழுதுங்கள், என்னையும் விட்டுவிடாமல் எழுதுங்கள் என்றார். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். சுகர் என்று அவர் சொன்ன இடத்தை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.